நரம்பு கிடைக்கலையா? ஒரு ஊசியின் 370 வருஷக் கதை

செமஸ்டர் முடிந்து இரண்டு வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன். ரொம்ப நாளாக மனசில் கிடந்த ஒரு விஷயத்தை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. இந்த முறை கொஞ்சம் வலிக்கிற சமாச்சாரம். ஊசி!

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பி.காம் படிக்கிறவன், டாக்டருக்குப் படிக்கிறவன் இல்லை. இது மருத்துவ ஆலோசனை அல்ல, வரலாற்றுக் கட்டுரை. மருத்துவம் படிக்கும் நண்பர்கள் தப்பு கண்டால் பின்னூட்டத்தில் வந்து தலையில் குட்டலாம்.

அஞ்சு குத்து

போன வருஷம் எங்கள் அம்மாயிக்கு ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியும். விடியும்போது கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து கிடந்தார். காரில் தூக்கிப் போட்டு ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். (பெயர் வேண்டாம்.) உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அம்மாயிக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வலது புறங்கையில் ஒன்று. இடது மணிக்கட்டில் ஒன்று. மறுபடி வலது. நான்காவது முழங்கை மடிப்பில். ஐந்தாவது எங்கே என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு தடவையும் "நரம்பு கிடைக்கல" என்ற அதே வார்த்தை.

அம்மாயி அழவில்லை. அந்த நர்ஸ் அக்காவைப் பார்த்து, "என் கையி மேலதான் தப்பு கண்ணு, நீ என்ன பண்ணுவே" என்றார். குத்து வாங்கியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்!

கடைசியில் ஒரு டாக்டர் சின்ன மானிட்டர் வைத்த ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அல்ட்ராசவுண்ட். மேற்கையின் உள்பக்கம் ஜெல்லைத் தடவி, ப்ரோபை வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே குத்தினார். ஒரே குத்து. டிரிப்ஸ் ஓட ஆரம்பித்தது. மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?" ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். அம்மாயி, "எல்லாத்துக்கும் அஞ்சு போடு கண்ணு, பாவம் நல்லாத்தான் பாத்தாங்க" என்றார். போட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

போவதற்கு முன் ஒரு சொல் விளக்கம். நாம் பேச்சில் "நரம்பு ஊசி", "நரம்பு கிடைக்கல" என்கிறோமே, அது உண்மையில் நரம்பு இல்லை. உணர்ச்சியைக் கடத்துவதுதான் நரம்பு. ஊசி போவது ரத்தக் குழாயில், அதிலும் இதயத்துக்குத் திரும்பிப் போகும் ரத்தத்தைச் சுமக்கும் சிரையில். இதயத்திலிருந்து வெளியே வருவது தமனி. இந்தக் கட்டுரையில் சிரை என்றே எழுதுகிறேன்.

ஓர் இறகும் ஒரு நாயும்

சிரைக்குள் எதையாவது செலுத்தலாம் என்று நினைக்கவே ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடம்பில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று புத்தகம் எழுதி நிறுவினார். ரத்தம் சுற்றுகிறது என்றால், ஓரிடத்தில் கலந்தது எல்லா இடத்துக்கும் போகும் அல்லவா?

1656-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதைச் செய்து பார்த்தவர் கிறிஸ்டோபர் ரென். பிற்காலத்தில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர்தான்! அப்போது ஊசியும் சிரிஞ்சும் கிடையாது. இறகின் தண்டைக் குழாயாக்கி, ஒரு மிருகத்தின் சிறுநீர்ப்பையைப் பையாகக் கட்டி, நாயின் சிரையைக் கீறித் திறந்து அபினைச் செலுத்தினார். நாய் தள்ளாடியது. தூங்கிச் செத்துவிடக் கூடாதே என்று தோட்டத்தில் அடித்து ஓட வைத்தார்களாம். அது பிழைத்து, கொழுத்து, பிரபலமாகி, கடைசியில் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று உடனிருந்த ராபர்ட் பாயில் எழுதி வைத்திருக்கிறார். (ஆமாம், வாயு விதி பாயில்தான்.)

அடுத்தது மனிதன். 1657-ல் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் தன் வேலைக்காரன் ஒருவனைக் கொடுத்தார். தூக்கில் போடத் தகுந்தவன், இவன் மேல் செய்து பாருங்கள் என்று! மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் அந்த ஆள் மயங்கி விழுந்தான். நிஜமாகவே மயங்கினானா, தப்பிக்க நடித்தானா என்று தெரியவில்லை என்கிறது குறிப்பு. சோதனை நின்றது.

எனக்கு இந்த வேலைக்காரனை மறக்க முடியவில்லை. இந்த ஊசியின் வரலாற்றில் குத்து வாங்கிய மனிதனின் முதல் "கருத்து" அதுதான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவன் கீழே விழுந்து பதில் சொல்லிவிட்டான்.

இருபது ஷில்லிங் விமர்சனம்

பத்து வருஷம் கழித்து, 1667 நவம்பரில், லண்டன் ராயல் சொசைட்டி இன்னொரு படி மேலே போனது. ஆர்தர் கோகா என்ற மனிதருக்கு ஆட்டு ரத்தத்தை ஏற்றினார்கள். அவர் படித்தவர், ஆனால் கொஞ்சம் மனம் கலங்கியவர் என்று பேச்சு. சோதனைக்கு ஒத்துக்கொண்டதற்கு இருபது ஷில்லிங் சம்பளம். சில நாள் கழித்து அவரே சங்கத்தின் முன் நின்று, முன்னைவிட இப்போது நன்றாக இருக்கிறேன் என்று லத்தீன் மொழியில் அறிக்கை கொடுத்தார். புகழ்பெற்ற நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

நான் மார்க்கெட்டிங் பேப்பர் எழுதியவன் என்பதால் சிரிப்பு வந்தது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பாசிட்டிவ் ரிவ்யூ! ஆட்டு ரத்தம் மனிதனுக்கு விஷம் மாதிரி என்று இன்று நமக்குத் தெரியும். அதே வருஷம் பாரிஸில் தொடங்கிய இதே மாதிரியான சோதனைகளில் பின்னர் ஒரு நோயாளி இறந்து, விஷயம் நீதிமன்றம் வரை போய், பிரான்ஸில் ரத்தம் ஏற்றுவதற்கே தடை வந்தது. கோகா பிழைத்தது அதிர்ஷ்டம். ஆனால் அவருடைய "திருப்தி" மட்டும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

லீத் நகரத்துப் பாட்டி

இப்போது 1831-க்குத் தாவுவோம். கங்கைச் சமவெளியிலிருந்து கிளம்பிய காலரா ரஷ்யாவைக் கடந்து, அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் துறைமுகத்தில் இறங்கியது. அப்போது வில்லியம் ஓஷானசி என்ற ஓர் இளம் ஐரிஷ் டாக்டர் அங்கே போனார். வயது இருபதுகளின் தொடக்கம், நம் வயசுதான். நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்துவிட்டன என்று கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதினார். போனதைத் திரும்பக் கொடுத்தால் என்ன என்பது அவர் வாதம். (இவர்தான் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராகக் கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை இழுத்தவர். தனிப் பதிவு போட வேண்டிய ஆள்.)

அதைப் படித்துச் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்தில், எடின்பரோ அருகே லீத் நகரத்தில் இருந்த தாமஸ் லாட்டா. 1832 மே மாதம். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துப் பலன் இல்லை. எனவே நேராகச் சிரைக்குள் செலுத்தத் துணிந்தார். முதல் நோயாளி ஒரு வயதான பெண். சாகும் தறுவாயில் இருந்தார், இனி எதுவும் அவரைக் கெடுக்க முடியாது என்ற நிலை. மேற்கையின் உள்பக்கம் ஓடும் பெசிலிக் என்ற சிரையில் ஒரு குழாயைச் செருகி, சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரைசலை ஏற்றினார்.

அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது மூன்று லிட்டருக்கு மேல் உள்ளே போயிற்று. குழி விழுந்த கண் மேலே வந்தது. கை கால் சூடாயிற்று. அந்தப் பாட்டி உறுதியான குரலில், எனக்கு இப்போது ஒரு கஷ்டமும் இல்லை என்றார். வேடிக்கையாகப் பேசவும் ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் தூங்கினால் போதும் என்று நினைத்தாராம்.

இந்த இடத்தில் ஒரு படிவம் நீட்டியிருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பார்!

ஆனால் லாட்டா களைத்துப்போய், அவரை ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். வாந்தியும் பேதியும் திரும்ப வந்தன. லாட்டாவுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அந்தப் பாட்டி இறந்துபோனார். மறுபடி ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது லாட்டாவின் எண்ணம். அடுத்தடுத்த நோயாளிகளில் சிலர் உண்மையிலேயே பிழைத்தார்கள். ஆனால் கொள்ளைநோய் ஓய்ந்தது, 1833-ல் லாட்டாவும் இறந்தார், முறையும் பல காலம் மறக்கப்பட்டது.

அம்மாயிக்கு இருந்தது அதே வாந்தி பேதி, கொடுத்தது அதே உப்புத் தண்ணீர், கடைசியில் குத்திய இடமும் அதே மேற்கையின் உள்பக்கம். நடுவில் 190 வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

சாதாரணமாகிப் போன ஊசி

அதன் பிறகு தொழில்நுட்பம் மெல்ல மெல்ல வளர்ந்தது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1853-ல் எடின்பரோவின் அலெக்சாண்டர் வுட், உள்ளீடற்ற ஊசியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பயன்படுத்தினார். அதே வருஷம் பிரான்ஸில் ஷார்ல் பிராவாஸும் ஒரு சிரிஞ்சைச் செய்தார். 1901-ல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்தார். ஆட்டு ரத்தக் காலம் முடிந்தது. சிரையில் மருந்து ஏற்றினால் சிலருக்குக் குளிர்காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்திருந்த பாக்டீரியாக்களின் நச்சே காரணம் என்று 1923-ல் ஃப்ளாரன்ஸ் சைபர்ட் என்ற பெண் விஞ்ஞானி கண்டறிந்தார். 1931-ல் அமெரிக்காவில் பாக்ஸ்டர் கம்பெனி சீல் வைத்த பாட்டிலில் சலைன் விற்க ஆரம்பித்தது. டிரிப்ஸ் ஒரு விற்பனைப் பொருளானது.

1950-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாஸா என்ற இளம் மயக்க மருந்து மருத்துவரும் சகாக்களும் "பிளாஸ்டிக் ஊசி" பற்றி எழுதினார்கள். உள்ளே இரும்பு ஊசி, அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழாய். குத்திய பிறகு ஊசியை உருவிவிடலாம், குழாய் மட்டும் சிரையில் தங்கும். நம் ஊரில் வென்ஃப்ளான் என்கிறோமே, அந்த வகைக் குழாய்க்கு மூதாதை இதுதான்.

இந்த நூறு வருஷத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஊசி மாறியது, தண்ணீர் சுத்தமானது, பாட்டில் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. குத்து வாங்குகிறவர் என்ன சொன்னார் என்பது மட்டும் கதையிலிருந்து காணாமல் போய்விட்டது! புதுமையாக இருந்தபோது நாயைப் பற்றிக்கூட எழுதி வைத்தார்கள். தினமும் லட்சக்கணக்கில் நடக்கும் வேலையாக மாறியதும், யாருக்கு வலித்தது என்று எழுதுவது தேவையில்லாமல் போயிற்று. சிரை கிடைக்காவிட்டால் தேடிக் குத்த வேண்டியது. அவ்வளவுதான்.

இரும்பில் விரிசல் தேடிய கருவி

இப்போது கதைக்குள் இரண்டாவது கருவி வருகிறது.

அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துப் படம் வரைவது. கப்பல், நீர்மூழ்கிகளைத் தேடவும் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும்தான் அது முதலில் பயன்பட்டது. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955-ல் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போய், அவர்களுடைய விரிசல் தேடும் கருவியில் வைத்துப் பார்த்தார். 1958-ல் அவரும் சகாக்களும் லான்செட்டில் எழுதிய கட்டுரை மருத்துவ ஸ்கேனுக்குக் கதவைத் திறந்தது.

சிரைக்கும் ஸ்கேனுக்கும் சம்பந்தம் வந்தது கழுத்து வழியாக. கழுத்திலோ நெஞ்சுப் பக்கமோ உள்ள பெரிய சிரையில் நீளமான குழாய் போடுவதைச் சென்ட்ரல் லைன் என்கிறார்கள். தவறினால் நுரையீரலில் ஓட்டை விழலாம், தமனியில் குத்திவிடலாம், கிருமித் தொற்று வரலாம். அதனால் 1978-லேயே டாப்ளர் ஒலியை வைத்துக் கழுத்துச் சிரையைத் தேட ஆரம்பித்தார்கள். 1986-ல் ஜப்பானிய மருத்துவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே குத்தும் முறையை எழுதினார்கள். 2002-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சென்ட்ரல் லைனுக்கு அல்ட்ராசவுண்ட் துணையைப் பரிந்துரைத்தது.

ஆனால் கருவி பெரிசு, விலையும் பெரிசு. கைச் சிரைக்கெல்லாம் யார் அதை உருட்டிக்கொண்டு வருவார்கள்? அந்தத் தடையை உடைத்ததில் ராணுவத்துக்கும் பங்கு உண்டு. போர்க்களத்தில் தூக்கிச் செல்லக்கூடிய ஸ்கேன் வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தது. அதிலிருந்து பிறந்த சோனோசைட் கம்பெனி, 1999-ல் இரண்டரைக் கிலோவுக்குள் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வேலை செய்யும் விதம் எளிமைதான். திரையில் ரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் தெரியும். ப்ரோபை லேசாக அழுத்தினால் சிரை நசுங்கிவிடும். தமனி எளிதில் நசுங்காது, துடிக்கும். இரண்டையும் பிரித்துக்கொண்டு, கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத ஆழத்தில் உள்ள சிரைக்கு ஊசியை வழிநடத்தலாம்.

பத்துக்கு எத்தனை?

அதே 1999-ல், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் உள்ள ஹைலேண்ட் மருத்துவமனையின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். சாதாரணமாகக் குத்திச் சிரை கிடைக்காத சுமார் நூறு நோயாளிகள். அவர்களுக்கு மேற்கையின் ஆழத்தில் உள்ள பிரேக்கியல், பெசிலிக் சிரைகளை அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்தினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வெற்றி. லாட்டா குழாய் செருகிய அதே பெசிலிக் சிரைதான். 2004-ல் வெளியான இன்னோர் ஆய்வில் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்ஸ்களே 321 முயற்சிகளில் 87 விழுக்காடு வெற்றி கண்டார்கள்.

பிறகு 2005. அமெரிக்க அவசர சிகிச்சை இதழ் ஒன்றில் வந்த ஆய்வு. மூன்று தடவையாவது குத்தியும் சிரை கிடைக்காத 60 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு அல்ட்ராசவுண்ட், இன்னொரு பிரிவுக்கு வழக்கம்போல் தட்டித் தடவிப் பார்ப்பது. முடிவுகள்:

வெற்றி: 97 விழுக்காடு, 33 விழுக்காடு.
ஆன நேரம்: 13 நிமிஷம், 30 நிமிஷம்.
சராசரிக் குத்துகள்: 1.7, 3.7.
நோயாளியின் திருப்தி, பத்துக்கு: 8.7, 5.7.

(முதல் எண் அல்ட்ராசவுண்ட், இரண்டாவது வழக்கமான முறை.)

நான்காவது வரியில்தான் என் கண் நின்றது. ஆர்தர் கோகாவுக்கும் லீத் பாட்டிக்கும் பிறகு, இந்த வரலாற்றில் குத்து வாங்கியவரின் குரல் எனக்கு மறுபடி கேட்டது அங்கேதான். வார்த்தையாக இல்லை, எண்ணாக.

2011-ல் வாஷிங்டனில் இருந்து இன்னொரு ஆய்வு. 19 டெக்னீஷியன்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் ஊசி போட்ட 146 பேரிடம் கேட்டார்கள். சராசரித் திருப்தி 10-க்கு 9.2.

திடீரென்று ஏன் இந்தக் கேள்வி முளைத்தது? இங்கேதான் நம் பாடம் வருகிறது. 1985-லேயே நோயாளி திருப்தியை அளப்பதைத் தொழிலாகக் கொண்ட பிரெஸ் கேனி நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கியாயிற்று. 1988-ல் பரசுராமன், சைத்தம்ல், பெர்ரி மூவரும் சர்வ்குவால் அளவுகோலை வெளியிட்டார்கள். (நாம் ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான்.) எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே சேவையின் தரம் என்பது அதன் சாரம். 2012-லிருந்து அமெரிக்க அரசு, உள்நோயாளிகள் தரும் மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்து மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் தொடங்கியது. நோயாளியின் திருப்திக்கு விலை வந்துவிட்டது.

அந்த இடைவெளிக் கணக்கை வைத்தால் 9.2 எப்படி வந்தது என்று புரியும். ஏற்கனவே பல ஆஸ்பத்திரிகளில் பல குத்து வாங்கிப் பழகியவர், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டுகிறார். ஒரே குத்தில் முடிகிறது. எதிர்பார்ப்பு தரையில், கிடைத்தது கூரையில்.

யாரைக் கேட்டார்கள்?

அல்ட்ராசவுண்ட் வந்தது, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், சுபம் என்று முடித்திருப்பேன். ஆனால் புள்ளியியல் வகுப்பில் எங்கள் சார் ஒரு கேள்வியை மறுபடி மறுபடி கேட்பார்: "சாம்பிள் யாருப்பா?"

அந்த 146 பேர் யார்? அல்ட்ராசவுண்டில் வெற்றிகரமாக ஊசி போடப்பட்டவர்கள் மட்டும். தோற்றவர்களைக் கேட்கவில்லை. பாஸானவர்களிடம் மட்டும் பரீட்சை எப்படி என்று கேட்ட மாதிரி. ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நாம்தான் 9.2-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

2005 ஆய்வு வந்த அதே இதழில் 2009-ல் இன்னோர் ஆய்வு வந்தது. இரண்டு குத்து தோற்ற 59 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். குத்துகளின் எண்ணிக்கை, நேரம், திருப்தி எதிலும் அல்ட்ராசவுண்ட் மேல் என்று நிரூபிக்க முடியவில்லை! கருவி மட்டும் போதாது, அதைப் பிடிக்கும் கையும் அதற்குப் பழகியிருக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன்.

2016-ல் 1,189 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. சிரை கிடைப்பது கடினமானவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் நூறு முயற்சிக்கு 48 வெற்றி கூடுதல். நடுத்தரமானவர்களுக்குச் சுமார் 10 கூடுதல். சுலபமாகச் சிரை தெரிகிறவர்களுக்கோ சுமார் 10 குறைவு! எல்லோருக்கும் மெஷின் வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்று முதலிலேயே கண்டுகொள்வதுதான் முக்கியம்.

இன்னொன்று. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் வைத்துப் போட்ட குழாய்களில் ஏறக்குறைய பாதி 24 மணி நேரத்துக்குள் கெட்டுப்போயின. சிரை ஆழத்தில் இருந்தால் சாதாரண நீளக் குழாயின் நுனி மட்டுமே உள்ளே இருக்கும். கை அசைந்தால் வெளியே நழுவிவிடும். அதனால்தான் நீளமான குழாய்கள் வேண்டும் என்கிறார்கள். ஆனால் திருப்தியைக் கேட்பது எப்போது? குத்தி முடித்த சூட்டோடு சூடாக. மறுநாள் வார்டில் கை வீங்கிக் கிடக்கும்போது அல்ல. லீத் பாட்டி அரை மணியில் வேடிக்கை பேசினார், ஐந்தரை மணியில் இறந்தார். இருநூறு வருஷம் ஆகியும் அந்தப் பாடம் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் திருப்தி மார்க் வீணா? இல்லை. 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் இந்த முறையைக் கற்ற ஓர் அமெரிக்க அவசரப் பிரிவில், 2006-க்கும் 2011-க்கும் இடையே சென்ட்ரல் லைன் போடுவது 80 விழுக்காடு குறைந்தது. ஊசிக்குச் சிரை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கழுத்தில் குழாய் வாங்க வேண்டிய கதி பலருக்கு வராமல் போயிற்று. அந்த நிம்மதியும் 9.2-க்குள் எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

அம்மாயியின் கேள்வி

மறுபடி எங்கள் ஊருக்கு வருகிறேன். டாக்டர் அந்தக் கருவியைக் கையில் வைத்ததும் அம்மாயி பதறிப்போனார். "ஏனுங், இது புள்ளத்தாச்சிக்குப் பாக்கற மிஷினாச்சே, எனக்கெதுக்குங்?" டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அது சும்மா வந்த சந்தேகம் இல்லை. நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் என்றாலே கர்ப்பம்தான் நினைவுக்கு வரும். கருவில் இருப்பது பெண்ணா என்று பார்த்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும், இஷ்டத்துக்கு வெளியே தூக்கிச் செல்ல முடியாது. நியாயமான சட்டம். ஆனால் அவசரப் பிரிவில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு மூலையில் கிடக்கும் பொருளாக அது இங்கே சுலபத்தில் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரிப்ஸ் ஓடி, அரை மணியில் அம்மாயிக்கு முகம் தெளிந்தது. திரும்பி அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்:

"ஏனுங், இந்த மிஷினு மொதல்லயே இங்கதான் இருந்துச்சுங்களா?"

டாக்டர் "ஆமாம்மா" என்றார். பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறது. அம்மாயி தலையை ஆட்டிக்கொண்டு, பஞ்சு ஒட்டிய அஞ்சு இடத்தையும் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து வந்த படிவத்தில் சாப்பாடு பற்றி ஒரு கட்டம் இருந்தது, சுத்தம் பற்றி ஒன்று, ஊழியர்களின் கனிவு பற்றி ஒன்று. எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டேன் என்று சொன்னேன் அல்லவா? பொய்யில்லை, அந்த நர்ஸ் அக்கா உண்மையிலேயே கனிவாகத்தான் இருந்தார். ஆனால் "முதலிலேயே செய்திருக்கலாமா?" என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

தூதர் வீட்டு வேலைக்காரன் மயங்கி விழுந்து பதில் சொன்னான். கோகா காசு வாங்கிக்கொண்டு லத்தீனில் சொன்னார். லீத் பாட்டி சிரித்துப் பேசினார், அதன் பிறகு அவரைக் கவனிக்க ஆள் இல்லை. இப்போது எண்ணாகக் கேட்கிறார்கள். கேட்பதே பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை குத்துக்குப் பிறகு கேட்கிறோம், யாரை விட்டுவிட்டுக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிரை கிடைப்பது கஷ்டம் என்றால், முதல் குத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். போன தடவை எந்த இடத்தில் கிடைத்தது என்றும் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்ட் வைத்துப் போட முடியுமா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. நான் இனிமேல் கேட்பேன். முக்கியமாக, அது உங்கள் கையின் குற்றம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டு ஊசிக் கதைகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், கதை மட்டும் போதும்.

பி.கு: அம்மாயி இப்போது நலம். இதைப் படித்துக் காட்டினேன். நாயைத் திருடிக்கொண்டு போன இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.